இஸ்திரி போட்ட குரல்

டெக்சஸ் மாநிலத்தின் இர்விங்கில் எங்கள் வீட்டிலிருந்து, பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் என் அலுவலகத்துக்குக் காலை நேரத்தில் 35 நிமிடம் ஆகும். 183ஆம் நெடுஞ்சாலையில் யாரும் யாரையும் இடித்துக்கொள்ளாமல் இருந்தால். லியான் பிரிட்ஜஸின் முதல் ஆல்பம் 'கமிங் ஹோம்' ஏறக்குறைய 34 நிமிடம். மிச்சமிருக்கும் ஒரு நிமிடத்தில் வண்டியை நிறுத்தி, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நேற்றைய டிபன் டப்பா பின்சீட்டிலேயே கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 2015 கோடையில் ஆரம்பித்து அடுத்த பொங்கல் தாண்டியும் இதே ஓட்டம்தான்.

இத்தனைக்கும் அந்த ஆல்பம் பிடித்திருக்கிறதா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நேராகப் பதில் சொல்லியிருக்க மாட்டேன். கொஞ்சம் கூச்சம். அதற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

பிரிட்ஜஸ் எங்கள் பக்கத்துப் பையன். 1989இல் பிறந்து ஃபோர்ட் வொர்த்தில் வளர்ந்தவர். ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே, யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற சின்னச் சின்னக் கூடங்களில் கிதாரை வைத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஒயிட் டெனிம் என்ற ராக் குழுவின் கிதார்காரர் ஆஸ்டின் ஜென்கின்ஸ் கண்ணில் பட்டார். ஜென்கின்ஸும் அதே குழுவின் டிரம்மர் ஜாஷ் பிளாக்கும் அப்போது ஃபோர்ட் வொர்த்தில் பழைய காலத்து ஒலிப்பதிவுக் கருவிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் வாத்தியக்காரர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்து, ஒருவர் சத்தம் இன்னொருவர் மைக்கில் கசிந்தாலும் பரவாயில்லை என்று, எல்லோரும் சேர்ந்து வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். 2014 கடைசியில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2015 ஜூன் 23 அன்று ஆல்பம் வந்து, அமெரிக்காவில் அதிகம் போகும் ஆல்பங்களின் பில்போர்டு 200 பட்டியலில் நேராக 6ஆம் இடத்தில் போய் உட்கார்ந்தது.

பத்துப் பாட்டு. பாதிக்கு மேல் மூன்று நிமிடச் சுற்றுவட்டாரம்தான். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்து காதலைப் பாடத் தொடங்கியதுதான் சோல் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பத்தும் 1962, 63 வாக்கில் அந்த வாசற்படியிலேயே நிற்கிற பாட்டுகள். பின்னால் இரண்டு மூன்று குரல்கள் 'ஊ' என்று மெத்தை போடும். சாக்ஸஃபோன் தேவைக்கு மேல் ஒரு மூச்சுகூட விடாது. ஆளும் அப்படித்தான். இடுப்புக்கு மேலே ஏற்றிய பேண்ட், டை, பளபளக்கும் ஷூ. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து அப்போதுதான் இறங்கி வந்தவர் போல இருப்பார்.

உடனே எல்லோரும் சொன்ன பெயர், சோலைத் தொடங்கி வைத்த பாடகர்களில் ஒருவரான சாம் குக். பாராட்டியவர்களும் அதைத்தான் சொன்னார்கள், திட்டியவர்களும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு வேடிக்கையாக இருந்தது.

திட்டியவர்களில் முதல் ஆள் டாலஸில் ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர். முப்பது வயது இருக்கும், தாடி, வெள்ளைக்காரர். சோல் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. நான் 'கமிங் ஹோம்' தட்டைக் கையில் எடுத்ததும், "இது நகல். அசலே அந்த வரிசையில் 12 டாலருக்கு இருக்கிறது" என்றார். தன் கடைச் சரக்கையே வாங்காதே என்கிற வியாபாரியை எனக்குப் பிடித்துவிட்டது. ஆனாலும் தட்டை வாங்கினேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க மெஷின் கிடையாது. ஏன் வாங்கினேன் என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதிலும் கிடையாது.

நகல் என்ற சொல் மட்டும் எனக்குள் போய்க் குத்தியது.

சித்தப்பா மாயவரம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடினார். எண்பதுகளில். கோயில் திருவிழா, கல்யாணம், ரசிகர் மன்ற விழா எல்லாவற்றுக்கும் போவார்கள். நானும் விடுமுறையில் காங்கோ டிரம்மைத் தூக்கிக்கொண்டு வேனில் போயிருக்கிறேன். அறிவிப்பாளர் அவரைப் பேர் சொல்லி அழைக்க மாட்டார். "இதோ நம்ம சின்ன டி.எம்.எஸ்!" என்பார். சித்தப்பா வெள்ளை சபாரியில் வந்து நின்று, அடிவயிற்றிலிருந்து அந்தக் கம்பீரத்தை எடுப்பார். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்த எழுத்தை அழுத்த வேண்டும், எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும், எல்லாம் ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே. ஒன்ஸ் மோர் கேட்பார்கள். ஆளைப் பார்க்காமல் கேட்டால் வித்தியாசமே தெரியாது என்பதுதான் அவருக்குக் கிடைத்த உச்சப் பாராட்டு. அதை வீட்டில் வந்து திரும்பத் திரும்பச் சொல்வார்.

அப்புறம் மேடையில் எல்லோரும் எஸ்.பி.பி. பாட்டே கேட்க ஆரம்பித்தார்கள். சித்தப்பா ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போனார்.

அவருடைய சொந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். பம்புசெட்டில் குளிக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். மெலிந்த குரல், மூக்கு கொஞ்சம் சேர்ந்த குரல். டி.எம்.எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டார்.

ஆக, பிரிட்ஜஸைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சந்தேகம் ஓடும். இந்தப் பையனும் வெள்ளை சபாரி போட்ட ஆள்தானா?

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அலுவலகத் தபால் அறையில் இருந்த பெரியவர். 1949இல் ஃபோர்ட் வொர்த்திலேயே பிறந்த கறுப்பின மனிதர். ஐ.எம். டெரல் பள்ளியில் படித்தவர். நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த காலத்தில் அந்த ஊரின் கறுப்பினப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளி அது. பார்சல்களை அடுக்கும்போது அவர் வாயில் எப்போதும் ஒரு பாட்டு இருக்கும். ஒருநாள் மதியம் கைபேசியில் தலைப்புப் பாட்டைப் போட்டு அவர் மேசையில் வைத்தேன். முழுசாகக் கேட்டார், ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தாமல்.

"பையன் நன்றாகத்தான் பாடுகிறான்" என்றார். "குரலுக்கும் இஸ்திரி போட்டுவிட்டான். ஒரு கசங்கல் இல்லை."

அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதைவிட நன்றாக இருந்தது. நான் சாம் குக் என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "எல்லோரும் சாம் குக், சாம் குக் என்கிறீர்கள். எந்த சாம் குக்?"

மறுநாள் ஒரு சி.டி. கொண்டுவந்தார். 1963 ஜனவரி 12ஆம் தேதி மயாமியில் ஹார்லெம் ஸ்கொயர் கிளப் என்ற இடத்தில் சாம் குக் பாடியதன் பதிவு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியில், அவர்களே கூடிய ஒரு கிளப். ஆர்.சி.ஏ. நிறுவனம் இதைப் பதிவு செய்துவிட்டு, வானொலியில் நாம் கேட்கும் மென்மையான சாம் குக்குக்கு இது ஒத்துவராது என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டது. குக் 1964 டிசம்பரில் சுடப்பட்டு இறந்துபோனார். பதிவு வெளிவந்தது 1985இல். இருபத்திரண்டு வருடம் கழித்து!

அன்று மாலை வண்டியில் அதைப் போட்டேன். முதல் பாட்டிலேயே தொண்டை கரகரக்கிறது. வியர்வை தெரிகிறது. கூட்டம் அவரோடு சேர்ந்து பாடவில்லை, அவரோடு சண்டை போடுகிறது என்று சொல்லலாம்; அவர் ஒன்று எறிந்தால் அவர்கள் இரண்டு எறிகிறார்கள். 'ப்ரிங் இட் ஆன் ஹோம் டு மீ' வரும்போது நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வர இருபது நிமிடம் தாமதம்.

மறுநாள் பெரியவர் கேட்ட முதல் கேள்வி பாட்டைப் பற்றி இல்லை. "சாக்ஸஃபோன் யார், தெரியுமா?" தெரியவில்லை. "கிங் கர்ட்டிஸ். எங்கள் ஊர். எங்கள் பள்ளிக்கூடம்." அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்ததைப் பார்த்தேன். பிறகு வரிசையாகச் சொன்னார். ஜாஸை வேறு திசைக்குத் திருப்பிய ஆர்னெட் கோல்மன் அதே பள்ளி. சாக்ஸஃபோன்காரர் டூயி ரெட்மன் அதே பள்ளி. கிதார்காரர் கார்னெல் டூப்ரீ அதே பள்ளி. ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தனை பேரா என்று நான் வாயைப் பிளந்தேன். "வேறு பள்ளிக்கூடத்துக்கு எங்களை விடவில்லையே" என்றார் சாதாரணமாக, அடுத்த பார்சலை எடுத்துக்கொண்டே.

நூலகத்தில் இன்னொரு சாம் குக் கிடைத்தது. 1964 ஜூலையில் நியூயார்க்கின் கோபகபானா இரவு விடுதியில் பாடியது. அங்கே வந்தவர்கள் இரவு விருந்துக்கு உட்கார்ந்த வசதியான வெள்ளைக்காரர்கள். அதே ஆள்தான், ஒன்றரை வருட இடைவெளிதான். இங்கே உச்சரிப்பு சுத்தம், சிரிப்பு அளவு, பாட்டுக்கு நடுவே கண்ணியமான நகைச்சுவை. கெட்டியான வேலைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மயாமியைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் ஒருவர் விருந்தாளி வீட்டில் பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'கமிங் ஹோம்' நகல் என்றால் அது சாம் குக்கின் நகல் இல்லை, கோபகபானா சாம் குக்கின் நகல். பழைய சோல் என்றால் இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு மரியாதையாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதே, எது பதிவாகி வெளிவந்தது, எது அலமாரியில் பூட்டி வைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் 12 டாலருக்குக் காட்டிய அசல் வரிசையிலும் அந்த வடிகட்டல் இருந்திருக்கும்.

2016இல் டாலஸில் பிரிட்ஜஸ் பாடியபோது போயிருந்தேன். கூட்டத்தில் நான் பார்த்தவரை பத்துக்கு எட்டு ஒன்பது பேர் வெள்ளைக்காரர்கள். இளைஞர்கள், நல்ல சட்டை, கையில் விலையுயர்ந்த பியர். என்னையும் சேர்த்து மிச்சப் பேர். தன் கச்சேரிகளில் கறுப்பின மக்கள் குறைவாக இருப்பதைப் பற்றி அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார். பெரியவரைக் கூப்பிட்டிருந்தேன், வரவில்லை. டிக்கெட் விலையைச் சொன்னதும் சிரித்தார். "அவன் என் அம்மாவின் பாட்டைப் பாடுகிறான். என் அம்மா ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சும்மா பாடினாள்."

இவ்வளவும் சொன்ன பிறகு ஆல்பத்தின் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆறாவது பாட்டு 'லிசா சாயர்' இருக்கிறது.

அது அவருடைய அம்மாவின் பெயர். நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ஒரு சிறுமியின் கதையை, பிறந்த ஊர், குடும்பம், தோற்றம், ஞானஸ்நானம் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவள் நிறத்தைப் ப்ராலீன் மிட்டாய்க்கு ஒப்பிடுகிறார். சர்க்கரைப் பாகில் பெக்கான் பருப்பைப் போட்டு வார்த்தெடுக்கும் லூசியானா மிட்டாய் அது. நம்மூர்க் கடலை மிட்டாயின் பணக்காரச் சித்தப்பா பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற பாட்டுகளில் 'பேபி' என்றும் 'டார்லிங்' என்றும் வருகிற பெண்ணுக்கு முகமே கிடையாது. யார் வேண்டுமானாலும் இருக்கலாம். 'பிரவுன் ஸ்கின் கேர்ள்' எனக்கு இன்றைக்கும் துணிக்கடை பொம்மைபோலத்தான் தெரிகிறது. 'ட்விஸ்டின் அண்ட் க்ரூவின்' வேடப் போட்டிக்குப் போகிற பாட்டு. ஆனால் இந்த ஒரு பெண்ணுக்கு ஊர் இருக்கிறது, வருடம் இருக்கிறது, தோல் இருக்கிறது.

தபால் அறையில் இதைப் போட்டபோது பெரியவர் ஸ்டிக்கர் ஒட்டுவதை நிறுத்தினார். முதல் தடவையாக.

"அவன் அம்மாவா?"

"ஆமாம்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் அந்த மிட்டாயை 'ப்ராலீன்' என்பார்கள், டெக்சஸில் நாங்கள் 'ப்ரேலீன்' என்போம், இதற்காகவே தன் அத்தைகள் இரண்டு பேர் ஒரு கிறிஸ்துமஸ் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள் என்று ஒரு கதை சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, "இதை வேறு யாரும் பாட முடியாது. சாம் குக்கும் முடியாது" என்றார்.

இங்கே ஒரு வேடிக்கை. பிரிட்ஜஸ் இந்தப் பாட்டை எழுதியபோது சாம் குக்கை அவ்வளவாகக் கேட்டதே இல்லையாம். அவர் வளர்ந்தது ஜினுவைன், அஷர் போன்ற தொண்ணூறுகளின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ், சோலின் உறவுக்கார இசை) பாடகர்களைக் கேட்டு. பாட்டைக் கேட்ட ஒருவர், இதற்கு சாம் குக் தூண்டுதலா என்று கேட்ட பிறகுதான் தேடிப் போய்ப் பழைய சோல் கேட்க ஆரம்பித்தார் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் எந்தப் பாதையை முன்னால் வைத்து அவரை நகல் என்கிறோமோ, அந்தப் பாதையின் முதல் பாட்டு நகலே இல்லை. அம்மாவைப் பாட உட்கார்ந்தபோது தானாக வந்த மெட்டு. அதற்குப் பிறகு போட்டுக்கொண்டதுதான் டையும் ஷூவும்.

சித்தப்பாவிடம் யாரும் அவர் அம்மாவைப் பற்றிப் பாடச் சொல்லவில்லை. என் பாட்டிக்கும் ஒரு பாட்டுக்குப் போதுமான கதை இருந்தது.

இனி என் மனைவியின் தீர்ப்பு. அவள் பாளையங்கோட்டையில் கான்வென்டில் படித்தவள். ஆல்பத்தில் முதல் ஒன்பது பாட்டுக்கும் அவள் சொன்னது ஒரே வரி: "எல்லாம் ஒரே பாட்டு மாதிரில்லா இருக்கு." ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள், அதனால் பெரிய விவாதத்துக்கு நான் போகவில்லை. கடைசிப் பாட்டு 'ரிவர்' வந்தது. கிதார், ஒரு டாம்பரின், பின்னால் சில குரல்கள். அவ்வளவுதான். டிரம்ஸும் கிடையாது, சாக்ஸஃபோனும் கிடையாது. பாவம் செய்த ஒருவன் ஆற்றில் இறங்கக் கேட்கிறான். புளிக்கையோடு கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஏங்க, இது ஞானஸ்நானப் பாட்டுல்லா?"

நாற்பது தடவை வண்டியில் கேட்டிருந்த எனக்கு அதைக் காதல் பாட்டு என்றே நினைப்பு. பள்ளியில் தினமும் காலை ஜெபத்தில் நின்ற காது உடனே கண்டுபிடித்துவிட்டது. அடுத்த வருடம் அந்தப் பாட்டுக்கு ஒரு காணொளி வந்தது. 2015இல் போலீஸ் காவலில் இருந்த கறுப்பின இளைஞர் ஃப்ரெடி கிரே இறந்து, ஊரே கொதித்த பால்டிமோரில் நடக்கிற கதை. அதில் இஸ்திரி போட்டது எதுவுமே கிடையாது. பெரியவரிடம் காட்ட வேண்டும் என்று நினைத்து, பிறகு காட்டவில்லை. அவருக்குத் தெரியாததை அந்தக் காணொளி சொல்லப்போவதில்லை என்று தோன்றியது.

'கமிங் ஹோம்' 2016 கிராமியில் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்குப் போட்டியிட்டு டி'ஆஞ்சலோவின் 'பிளாக் மெசையா'விடம் தோற்றது. நியாயமான தோல்வி, அதில் எனக்கு வருத்தம் இல்லை. 2018இல் இரண்டாவது ஆல்பம் 'குட் திங்' வந்தபோது சபாரியைக் கழற்றிவிட்டார். நவீன தாளம், டிஸ்கோ வாடை, சின்ன வயதில் கேட்ட தொண்ணூறுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. இப்போது முதல் ஆல்பத்தை நகல் என்று திட்டியவர்களில் பலரே, ஐயோ, பழைய பிரிட்ஜஸ் போய்விட்டாரே என்று அழுதார்கள். என் இசைத்தட்டுக் கடைக்காரர் உட்பட. அவரிடம் முந்தைய தீர்ப்பை ஞாபகப்படுத்தினேன். "அது வேறு" என்றார். எப்படி வேறு என்று சொல்லவில்லை, தாடியைத் தடவினார்.

இதில் கிராமிக்காரர்கள் செய்ததுதான் உச்சம். பழைய பாணியை விட்டு வெளியே வந்த அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுக்கு 2019இல் பரிசு கொடுத்தார்கள். எந்தப் பிரிவில்? 'பாரம்பரிய' ஆர் அண்ட் பி.

பெரியவருக்கு இரண்டாவது ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். "ம்... இப்போதுதான் மேல் பித்தானைக் கழற்றியிருக்கிறான்" என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "எனக்குப் பிடிக்க வேண்டும் என்று அவன் பாடவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது" என்று ஏதோ சொன்னார். அதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். 2019 கடைசியில் ஓய்வு பெற்றார். ஹார்லெம் ஸ்கொயர் சி.டி.யைத் திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. "என் வண்டியில் சி.டி. போடுகிற இடமே இல்லை, நீயே வைத்துக்கொள்" என்றார். புது வண்டி வாங்கியிருந்தார்.

என் மகளுக்கு ஆல்பம் வந்தபோது ஒன்பது வயது. பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், கேட்டதாக அவளுக்கே ஞாபகம் இல்லை. 2020இல் ஹூஸ்டன் குழுவான க்ரங்பினோடு சேர்ந்து பிரிட்ஜஸ் போட்ட 'டெக்சஸ் சன்' வழியாகத்தான் அவள் அவரைக் கண்டுபிடித்தாள். அப்பா, இந்த ஆளைத் தெரியுமா என்று என்னிடமே வந்து கேட்டாள்! தெரியுமாவா? உற்சாகமாக 'கமிங் ஹோம்' போட்டேன். இரண்டு பாட்டு கேட்டாள். "நல்லா இருக்குப்பா. காபி கடையில போடுவாங்களே, அது மாதிரி." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவள் போன காபிக் கடைகளில் எல்லாம் அதைத்தான் போட்டிருக்கிறார்கள். பிறந்த வீட்டை விட்டுப் புகுந்த வீட்டில் வேறு பெயரில் வாழ்கிற மாதிரி, பாட்டுக்கும் அப்படி ஒரு கதி வருகிறது. அவளிடம் 'லிசா சாயர்' பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா மாதிரி நீங்களும் எல்லாப் பாட்டுக்கும் கதை சொல்றீங்க என்று காதுக்கருவியை மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவள் ஆஸ்டினில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன ஆகஸ்டில் சாமான் கட்டும்போது, என் அலமாரியில் ஒன்பது வருடமாக நின்ற அந்த இசைத்தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். அட, என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி. மெஷின் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

அவள் கிளம்பிய பிறகு அலமாரியைத் துடைக்கப் போனால், தட்டு அங்கேயே இருக்கிறது. வெள்ளைக் காகித உறையில், தனியாக, சுவரோடு சாய்ந்து. வெளி அட்டையை மட்டும் கொண்டுபோயிருக்கிறாள், அறைச் சுவரில் மாட்ட. மறந்துவிட்டாளோ என்று அழைத்துக் கேட்டேன்.

"இல்லப்பா, கவர் மட்டும் போதும்" என்றாள். "சூப்பரா இருக்கு. எல்லாரும் கேக்கறாங்க."

அடுத்த சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டைக் காலி செய்து சாமான்களை வாசலில் விற்றுக்கொண்டிருந்தார்கள். 25 டாலருக்கு ஒரு மெஷின் கிடைத்தது. ஊசி கொஞ்சம் தேய்ந்தது. இரண்டாம் பக்கத்தில் 'ரிவர்' வரும்போது மழை பெய்கிற மாதிரி சத்தம் கேட்கிறது. மனைவி சமையலறையிலிருந்து, அடுப்பில் ஏதாவது கருகுகிறதா என்று கேட்டாள்.